ஆங்கிலப் பயமும் நம் சிரிப்பும்

1

ஆங்கிலம் பேசப் பயப்படுவது ஒரு வியாதி; அதற்குச் சிகிச்சை உண்டு; சிகிச்சை முப்பது நாளில் முடிந்துவிடும் — இந்த மூன்று பொய்களையும் புதுச்சேரியின் சுவர்களும் மின்கம்பங்களும் வெகுகாலமாகச் சொல்லி வருகின்றன. எண்பதுகளில் கபில்தேவின் படத்தோடு ‘ரேபிடெக்ஸ்’ புத்தகம் விளம்பரமாயிற்று. இன்று கைபேசித் திரையில் அதே சரக்கு வேறு முகங்களோடு வருகிறது. விற்பவர்கள் மீது எனக்குப் பெரிய கோபம் இல்லை. வியாபாரி பயத்தை உண்டாக்குவதில்லை. இருக்கிற பயத்தை விற்கிறான். உண்டாக்குகிறவர்கள் வேறு இடத்தில், வியாபாரத்தைக் கேவலமாக நினைப்பவர்கள் மத்தியில், உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் இந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டியவர்கள். இக்கட்டுரை அவர்களுக்காகவே எழுதப்படுகிறது.

இந்தப் பயத்தைப் பற்றி ஒரு சாஸ்திரமே இருக்கிறது. 1986-ல் எலேன் ஹார்விட்ஸ், மைக்கேல் ஹார்விட்ஸ், ஜோன் கோப் என்ற மூவர் ‘மாடர்ன் லாங்வேஜ் ஜர்னல்’ இதழில் எழுதிய கட்டுரைதான் அதற்கு மூலம் எனலாம். அந்நிய மொழி வகுப்பில் வரும் பயம் பொதுவான கூச்ச சுபாவத்தில் அடங்குவதல்ல, அது தனி வகையானது என்றார்கள். அதை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு அளவுகோலையும் தயாரித்தார்கள். பேசுவதில் தயக்கம், பரீட்சைப் பயம், பிறர் குறைவாக மதிப்பிடுவார்களோ என்ற பயம் — இம்மூன்றோடும் அதற்கு உறவு உண்டு என்பது அவர்கள் கணிப்பு. இந்த அளவுகோலை வைத்து உலகெங்கும் ஆராய்ச்சிப் பட்டங்கள் வாங்கப்படுகின்றன. நம் பல்கலைக்கழகங்களும் இதற்கு விலக்கல்ல.

அளவுகோல் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது முதலில் சோதிக்கப்பட்டது டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கியிருந்த மாணவர்களிடம். அந்த மாணவன் ஸ்பானிஷில் உளறினால் சில மதிப்பெண்கள் குறையும். வகுப்பை விட்டு வெளியே வந்ததும் அவன் மீண்டும் உலகத்தின் மிகச் செல்வாக்கான மொழிக்குச் சொந்தக்காரன். இங்கே அரசுக் கல்லூரியிலிருந்து வெளியே வரும் பையன் ஆங்கிலத்தில் உளறினால், அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான், அவன் அப்பா என்ன வேலை பார்த்தார், அவன் எந்தப் பள்ளியில் படித்தான் என்பதெல்லாம் ஒரே வாக்கியத்தில் தெரிந்துவிடுகிறது. அவனுக்கு அது தெரியும். அதனால்தான் வாயைத் திறப்பதில்லை. இதை மனோதத்துவம் என்று சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி சமூக விஷயம்.

அந்த 33 வாக்கியங்களில் ஒன்று, தான் பேசும்போது சக மாணவர்கள் சிரிப்பார்களோ என்ற பயத்தைப் பற்றியது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த ஒன்றுதான். சிரிக்கப்படுகிறவனிடம் போய், உனக்கு எவ்வளவு பயம் என்று சாஸ்திரம் கேட்கிறது. சிரிக்கிறவனிடம், உனக்கு ஏன் சிரிப்பு வருகிறது என்று கேட்க அதனிடம் வாக்கியம் இல்லை.

2

இது அந்நிய மொழியைப் பற்றிய பயம் என்றால் எல்லா அந்நிய மொழிகளிடமும் வர வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்கப் புதுச்சேரியைவிட வசதியான ஊர் இந்தியாவில் இல்லை. 1889-லிருந்து இங்கு அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. அங்கு பிரெஞ்சு கற்க வரும் நம் பிள்ளைகள் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது கேட்டுப் பாருங்கள். ஆண்பாலும் பெண்பாலும் தடுமாறுகின்றன, வினை விகுதிகள் சிதறுகின்றன, மூக்கில் வர வேண்டிய ஒலி தொண்டையில் வருகிறது. அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போகிறார்கள். அதே பையன் மறுநாள் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தால் கர்ச்சீப்பை எடுக்கிறான். பிரெஞ்சு அவனுக்கு ஆறு மாதப் பழக்கம். ஆங்கிலம் பதினைந்து வருஷப் படிப்பு. பயம் அதிகம் தெரிந்த மொழியிடம்தான் வருகிறது.

பிரெஞ்சில் பிழை செய்தால் இன்று அவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை என்பதுதான் காரணம். ஒரு காலத்தில் இருந்தது. 1826-லிருந்து இங்கே லிசே இருக்கிறது. அதன் பரீட்சைகளில் தேறியவன் அதிகாரி, தேறாதவன் அதிகாரிக்கு எதிரில் கையைக் கட்டி நிற்பவன். 1954 நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. பிரதிநிதிகள் வேறு விதமாகத் தீர்மானிக்கும் வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக இருக்கும் என்று 1956-ம் வருஷ ஒப்பந்தம் சொன்னது. 1962 ஆகஸ்ட் 16-ந் தேதி அந்த ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. 1965-ம் வருஷ ஆட்சிமொழிச் சட்டம் தமிழுக்கு இடம் கொடுத்து, ஆங்கிலமும் தொடரலாம் என்றது. காகிதத்தில் நடந்தது இது. ஆபீசில் நடந்தது, பிரெஞ்சு எழுந்துபோன நாற்காலியில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்தது. பள்ளிகளில் ஆங்கிலம் முன்பே இருந்தது; அதிகாரமாக இருக்கவில்லை. தமிழ்நாட்டுக்காரனுக்கு ஆங்கில அதிகாரம் கிளைவோடும் மெக்காலேயோடும் வந்தது. நமக்கு அது தில்லியிலிருந்து, சுதந்திரத்தின் சாமான்களோடு வந்து இறங்கியது. பிரெஞ்சில் சரளமாகக் கோப்பு எழுதிய குமாஸ்தா நடுவயதில் வாயடைத்து உட்கார்ந்ததும், அவர் மகன் பிரெஞ்சைப் பற்றிய பயம் இல்லாமல் ஆங்கிலத்தைப் பற்றிய பயத்தோடு வளர்ந்ததும் இந்த ஊரில் ஒரே தலைமுறையில் நடந்தவை. பயம் மொழியைப் பின்தொடர்வதில்லை. அதிகாரத்தைப் பின்தொடர்கிறது.

பயப்படாதவர்களைப் பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வர முடிகிறது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய நம் ‘சொல்தா’க்கள் பாசறையில் பழகிய பிரெஞ்சை வைத்துக்கொண்டு எந்த பிரெஞ்சுக்காரனோடும் சண்டை போட்டார்கள். பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிற பெண்மணி வெள்ளைக்காரியிடம் விலை பேச எத்தனை சொல் வேண்டுமோ அத்தனை சொல் வைத்திருக்கிறார். ஒன்றுகூட அதிகம் இல்லை, ஒன்றுகூடக் குறைவும் இல்லை. 1968-ல் ஆரோவில் தொடங்கப்பட்ட பிறகு குயிலாப்பாளையத்திலும் இடையஞ்சாவடியிலும் பள்ளிப் படிப்பு இல்லாத பெண்கள் வீட்டு வேலையிலும் தோட்ட வேலையிலும் ஆங்கிலம் கற்றுக்கொண்டார்கள். இலக்கணம் தெரியாத காரணத்தால் இலக்கணப் பயமும் அவர்களுக்கு இல்லை. இவர்கள் யாரும் ஒரு தமிழன் முன்னால் தங்கள் ஆங்கிலத்தை நிரூபிக்க வேண்டிய நிலையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். எதிரில் இருப்பவன் வெள்ளைக்காரன், அவனுக்கு விஷயம் புரிந்தால் போதும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த ஊரில் இதற்கு ஒரு பெயரே இருந்தது: துபாஷி, இரண்டு மொழிக்காரன். துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761-ல் சாகும் வரை நாட்குறிப்பு எழுதினார். கவர்னரின் மனைவி மதாம் துய்ப்ளேக்ஸ் புதுச்சேரியில் பிறந்து தமிழ் தெரிந்தவர். இவர்களுக்கிடையே மொழி ஒரு சாமான், துணி மூட்டையைப் போல, மிளகைப் போல. பிள்ளையவர்கள் நல்லவர் என்றோ, அவர் காலம் பொற்காலம் என்றோ சொல்ல வரவில்லை. அந்த அதிகாரத்தில் அவருக்குப் பங்கு இருந்தது. ஆனால் அந்நிய மொழியை இழிவின் அடையாளமாகச் சுமக்காமல் கருவியாகக் கையாளும் மனோபாவம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நாம் அதை இழந்திருக்கிறோம்.

நான் வேலை பார்ப்பது ஒரு வங்கிக் கவுண்டரில். கைநாட்டு வைக்கிற கிழவி உரத்த குரலில், ‘என் பணம் எங்கடா’ என்று கேட்கிறாள். பட்டதாரிப் பையன் ஸ்லிப்பில் உள்ள ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் கேட்க, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வருகிறான். மேலதிகாரிகள் ஆங்கிலத்தில் நடத்தும் கூட்டத்தில், வாராக் கடன் ஏன் வராமல் போனது என்பதை அக்குவேறு ஆணிவேறாக அறிந்த சக ஊழியர் வாய் திறப்பதில்லை. தேநீர் நேரத்தில் எங்களிடம் தமிழில் சொல்கிறார். கூட்டத்தில் பேசுகிறவர் ஒன்றும் அறியாதவர், ஆனால் பேசத் தெரிந்தவர். நஷ்டம் யாருக்கு என்று கணக்குப் போடுவது எங்கள் தொழில். இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

2016-ல் வங்கி எழுத்தர் பணிக்கு நேர்முகத் தேர்வு நீக்கப்பட்டது. 2021-ல் எழுத்துத் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளில் நடத்த முடிவாயிற்று. நல்லது. வாசல் அகலமாகியிருக்கிறது. உள்ளே கூடத்தில் யார் பேசலாம் என்ற விதி மாறவில்லை. 2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்குப் போயின. பாடத்திட்டம் மாறினால் நாக்கு தானாக மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் 1954-ன் குமாஸ்தாக்களைக் கேட்டிருக்க வேண்டும். அவர்களில் அநேகம் பேர் இன்று இல்லை.

3

ஏன் சிரிக்கிறோம் என்ற கேள்விக்கு வருகிறேன்.

தமிழில் மோசமான ஆங்கிலத்துக்குப் பெயர் ‘பட்லர் இங்கிலீஷ்’. இந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்காத படித்த குடும்பம் இல்லை. யார் இந்த பட்லர்? சென்னை ராஜதானியில் ஐரோப்பியர் வீடுகளில் சமையற்கட்டு வேலைக்குப் போனவர்களில் பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். மாட்டிறைச்சியும் மதுவும் புழங்குகிற சமையற்கட்டுக்குள் போகச் சாதி இந்து தயாராக இல்லை. ஆக, வெள்ளைக்காரனோடு முகத்துக்கு முகம், தினமும், பயமில்லாமல் ஆங்கிலம் பேசிய தமிழர்களில் முன்வரிசையில் நிற்கிறவர்கள் இவர்கள். மேல்சாதிக்காரர் நெஸ்பீல்டு இலக்கணத்தை உருப்போட்டு, பரீட்சை எழுதி, கச்சேரியில் உத்தியோகம் பெற்றார், ஆங்கிலத்தை எழுதினார். எழுதத் தெரிந்தவர் பேசத் தெரிந்தவரைப் பார்த்துச் சிரித்ததில் பிறந்த சொல் இது. இலக்கண சுத்தம் பற்றிய அக்கறை அந்தச் சிரிப்பின் காரணம் அல்ல. ‘அவனும் பேசுகிறானே’ என்பதுதான் காரணம். இன்று அந்தச் சொல்லைத் தன் மகனிடமே பிரயோகிக்கிற தகப்பன், அதன் பூர்வீகத்தை அறியாமலே அதன் வேலையைத் தொடர்ந்து செய்கிறார்.

பிழை செய்வதில் வெள்ளைக்காரனை மிஞ்ச ஆள் இல்லை. மிளகுத்தண்ணீரை ‘மல்லிகட்டானி’ என்றான், தூத்துக்குடியை ‘டூட்டிக்கோரின்’ என்றான். புதுச்சேரி என்று நாக்கு வராமல் ‘பொந்திஷேரி’ என்று ஒருவன் சொல்ல, ‘பாண்டிச்சேரி’ என்று இன்னொருவன் சொல்ல, அதுவே ஊரின் பெயராகி, 2006-ல்தான் சட்டப்படி நம் பெயர் நமக்குத் திரும்பியது. நாமே இன்னும் ‘பாண்டி’ என்றுதான் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோம். ஆண்டவனின் பிழை வரைபடத்தில் ஏறுகிறது. ஆளப்பட்டவனின் பிழை துணுக்குப் பக்கத்தில் ஏறுகிறது. பிழைக்கும் பிழைக்கும் இந்த வித்தியாசம் மொழியியலால் வந்ததல்ல.

இந்தச் சிரிப்புக்கு இலக்கிய அந்தஸ்து தந்தவர்களும் உண்டு. நிஸிம் எஸக்கியேல் நவீன இந்திய ஆங்கிலக் கவிதையின் முக்கியமான ஆள், சந்தேகமில்லை. நகரத்தைப் பற்றியும் தன்னைப் பற்றியும் அவர் எழுதியவற்றில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் நம் கல்லூரிகளில் அவருடைய எந்தக் கவிதை மாணவனுக்கு முதலில் அறிமுகமாகிறது? மிஸ் புஷ்பாவின் பிரிவுபசாரக் கவிதைதான். 1976-ல் வந்த தொகுப்பில் இருப்பது. ஆபீஸில் ஒருவர் ‘இங்’ விகுதி போட்டுப் போட்டு உபசார உரை நிகழ்த்துகிறார். நாம் சிரிக்க வேண்டும். ஆங்கில ஆசிரியர் வாசித்துக் காட்டுகிறார், வகுப்பு சிரிக்கிறது. பின்பெஞ்சில் இருப்பவன் தானும் சிரிக்கிறான். தான் பேசினால் இப்படித்தான் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அன்றோடு அவன் பேச்சு முடிகிறது. அந்தக் கவிதையில் அந்த மனிதர் மீது பரிவும் இருக்கிறது என்று விமர்சகர்கள் சொல்வதை அறிவேன். பரிவு இருக்கலாம். வகுப்பறையில் வேலை செய்வது பரிவு அல்ல.

‘இங்’ எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ‘அவன் பள்ளிக்குப் போகிறான்’ என்பது தமிழில் தினமும் போவதையும் குறிக்கும், இந்தக் கணம் போய்க்கொண்டிருப்பதையும் குறிக்கும். ஒரே வடிவத்துக்குள் இரண்டு காலங்களை வைத்திருக்கும் மொழியிலிருந்து வருகிறவன், இரண்டையும் பிரித்து வைத்திருக்கும் மொழிக்குள் நுழையும்போது ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே எல்லா இடத்திலும் போடுகிறான். இது மூடத்தனம் அல்ல. ஒரு மூளை தன் இலக்கணத்தைக் கொண்டு வேலை செய்வதன் தடயம். நவீனத்துவம் என்று நாம் சொல்வது எதுவோ, அது இந்தத் தடயத்தைப் பார்த்து வியந்திருக்க வேண்டும்.

கான்ராட் போலந்துக்காரர். இருபது வயதுக்கு மேல் ஆங்கிலம் கற்றார். கடைசிவரை அவர் உச்சரிப்பு கேட்பவர்களுக்குக் கடினமாகவே இருந்தது. நபக்கோவ் பேட்டிக்குக் கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்கி, பதிலையும் எழுதி வைத்துக்கொண்டுதான் தந்தார். அயர்லாந்துக்காரரான பெக்கெட் தன் நாடகத்தைப் பிரெஞ்சில் எழுதினார். அந்நிய மொழியில் தடுமாறுவது சிந்தனைத் தடுமாற்றம் அல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சிகள் தேவையில்லை. இந்தச் சாட்சிகளை மேற்கோள் காட்டுகிற நாமே, அரியாங்குப்பத்துப் பையன் தடுமாறினால் அவனிடம் விஷயம் இல்லை என்று முடிவு கட்டுகிறோம்.

4

இவ்வளவு தூரம் படித்த தனித்தமிழ் அன்பர் திருப்தியோடு தலையாட்டிக்கொண்டிருப்பார். ஆங்கிலத்தைத் துரத்திவிட்டால் பயமும் போய்விடும் என்பது அவர் தீர்வு. அவருக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

ஆங்கிலத்தில் வாய் திறக்காத அந்தப் பையனைத் தமிழில் ஒரு கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள். அங்கும் திறக்க மாட்டான். ‘அவையோரே’ என்று ஆரம்பித்து, யாரோ எழுதிக் கொடுத்த நான்கு வாக்கியங்களை ஒப்பித்து, உட்கார்ந்துவிடுவான். வாயைப் பற்றிய பயத்தை அவன் கற்றது ஆங்கில வகுப்பில் அல்ல. அதற்கு முன்பே, ஒன்றாம் வகுப்பில், தமிழ் வகுப்பில். வைத்திக்குப்பத்திலிருந்தோ வீராம்பட்டினத்திலிருந்தோ வருகிற குழந்தை கடலின் நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் மீனுக்கும் நூறு சொற்களோடு பள்ளிக்கு வருகிறது. முதல் நாளே அது கற்கும் பாடம், தன் வாயில் இருப்பது ‘கொச்சை’ என்பது. வீட்டு மொழி வேறு, எழுத்து மொழி வேறு என்ற இந்த இரட்டை வழக்கை 1959-ல் சார்லஸ் பெர்குசன் ஒரு மொழியியல் கோட்பாடாக விவரித்தார். நமக்கு அது கோட்பாடு அல்ல, பிரம்பு. சொந்த மொழியையே அந்நிய மொழியாகக் கற்று, அதிலும் தவறு செய்து, அடி வாங்கி வந்தவனுக்கு ஆங்கிலம் இரண்டாவது மாடி மட்டுமே. அஸ்திவாரம் போட்டது தமிழாசிரியர்.

ஹார்விட்ஸ் முதலியோரை மறுத்த ஸ்பார்க்ஸ், கான்ஷோ என்ற ஆராய்ச்சியாளர்கள், அந்நிய மொழிப் பயம் காரணம் அல்ல, விளைவு என்றும், தாய்மொழித் திறனில்தான் வேரைத் தேட வேண்டும் என்றும் வாதித்தார்கள். அவர்கள் பேசியது தனிமனிதத் திறன்களைப் பற்றி. எனக்கு அவர்களுடைய முடிவு வேண்டாம். அவர்கள் காட்டும் திசை போதும். வேர் தாய்மொழி வகுப்பில் இருக்கிறது. திறன் குறைவு அங்கே இல்லை. கொச்சை என்ற தீர்ப்புதான் இருக்கிறது.

ஆங்கிலத்தைத் துரத்தச் சொல்கிறவருக்கு இன்னொன்று. சந்திரபான் பிரசாத் என்ற தலித் சிந்தனையாளர் மெக்காலேயின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறார். 2010-ல் உத்தரப் பிரதேசத்தில் பாங்கா என்ற கிராமத்தில் ஆங்கிலத்துக்கு ஒரு தேவியும் கோயிலும் என்ற ஏற்பாட்டை ஆரம்பித்தார். இது விசித்திரமாகப் படலாம். மெக்காலே வழிபாட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் சுதேசி மொழியின் பள்ளிக்கூடத்தில் யாருக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவனுக்கு அந்தத் தேவி ஏன் தேவைப்பட்டாள் என்பது விளங்கும். தன் பிள்ளையைக் கான்வென்டில் விட்டுவிட்டு ஊரான் பிள்ளைக்குத் தமிழ் போதும் என்கிற மேடைக்காரரைப் பற்றிப் பேசி இடத்தை வீணாக்க வேண்டாம்.

பாரதி 1908-லிருந்து 1918 வரை இந்த ஊரில் இருந்தார். ஆங்கிலக் கல்வி தன் தகப்பனுக்கு வைத்த செலவையும் தனக்குச் செய்த கேட்டையும் ‘ஸ்வசரிதை’யில் கடுமையாகச் சொன்ன அதே மனிதர்தான் ஆங்கிலத்தில் கட்டுரைகளும் எழுதினார். எதிர்ப்பும் உபயோகமும் ஒரே ஆளிடம் பயமில்லாமல் இருந்தன. நமக்கு இரண்டுமே இல்லை. எதிர்ப்பு மேடையில், உபயோகம் திருட்டுத்தனமாக.

இன்னொரு உதாரணம் நம் கண் முன்னால் வாழ்ந்தது. கி. ராஜநாராயணன், பள்ளிப் படிப்பை முடிக்காதவர், கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி தந்தவர், புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அழைக்கப்பட்டு இங்கேயே தங்கி 2021-ல் இங்கேயே காலமானார். ஆங்கிலத்தில் நிர்வாகம் நடக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் அவர் தன் கரிசல் பேச்சைத்தான் பேசினார். கொச்சை என்று சொல்லப்பட்டதில் இருந்துதான் அவருடைய மொத்த இலக்கியமும் வந்தது. பயமற்ற வாய் எப்படி இருக்கும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம். அதற்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை, தெரியாமல் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

5

இனி நம் வீட்டு விஷயம்.

சிறுபத்திரிகை என்பது தமிழில் ஆங்கிலத்தின் வழியாக நடந்த காரியம். காஃப்காவும் காம்யுவும் போர்ஹேயும் நமக்கு ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் கிடைத்தார்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வழியில் நாம் ஒரு சிரிப்பு வரிசையையும் கட்டியிருக்கிறோம். தமிழ் மட்டும் தெரிந்தவன் ‘காமுஸ்’ என்று எழுதினால் ஆங்கிலம் தெரிந்தவன் சிரிக்கிறான். ஆங்கிலம் தெரிந்தவன் சொல்லும் ‘காமூ’வைக் கேட்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்தவன் சிரிக்கிறான். அவன் பிரெஞ்சைக் கேட்டுப் பாரிஸில் ஒருவன் சிரிப்பான். இந்த வரிசையில் ‘அந்நியன்’ நாவலைப் படித்தவன் யார் என்ற கேள்வி எங்கும் எழுவதில்லை.

நம் கூட்டங்களில் நடப்பதைப் பல தடவை பார்த்தாயிற்று. ஒரு இளைஞர் கவிதை வாசிக்கிறார். கவிதையில் ஏதோ இருக்கிறது. வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு விமர்சகர் எழுந்து, தமிழில் ஆரம்பித்து, மூன்றாவது வாக்கியத்தில் ஆங்கிலத்துக்கு மாறி, எலியட்டின் ஒரு கட்டுரையைச் சொல்லி, அதைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். கேள்வி கவிதையைப் பற்றியதல்ல. இளைஞர் இல்லை என்கிறார். சிலர் புன்னகை செய்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர் வருவதில்லை. வரவில்லை என்பதையும் யாரும் கவனிப்பதில்லை. இதற்குப் பெயர் விமர்சனம் என்றால், முப்பது நாள் ஆங்கிலம் விற்கிறவன் நம்மைவிட மேல். அவன் பணத்தை வாங்கிக்கொண்டாவது பேசச் சொல்கிறான்.

எழுத்திலும் இதுவே. வாசகனுக்குப் புரியாத ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் இறக்கிவைக்கும் கட்டுரையாளருக்கு, அந்தச் சொல் தனக்கே முழுதாகப் புரியவில்லை என்பதை மறைக்க அது உதவுகிறது. அவரும் பயந்தவர்தான். தன்னைவிட ஆங்கிலம் தெரிந்த ஒருவன் தன் கட்டுரையைப் படித்துவிடுவானோ என்று பயப்படுகிறார். சாகித்ய அகாதெமிக் கருத்தரங்குகளில் தமிழில் பிரமாதமாகப் பேசக்கூடிய நம் எழுத்தாளர் எழுதி வைத்த ஆங்கிலத் தாளைத் தலை நிமிராமல் வாசித்துவிட்டு, கேள்வி நேரத்துக்கு முன் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார். அங்கு அவர் வாயடைத்துப் போவதும், இங்கு அவர் இளைஞனின் வாயை அடைப்பதும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள். மேலே வாங்கிய அடியைக் கீழே இறக்குகிறார்.

ஆர். பார்த்தசாரதி 1977-ல் ‘ரஃப் பாஸேஜ்’ என்ற ஆங்கிலக் கவிதை நூலில், ஆங்கிலத்தின் பின்னால் போனதன் குற்ற உணர்வை எழுதினார். அந்தக் குற்ற உணர்வுக்கு நம்மிடையே நல்ல மதிப்பு. எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவனுக்கு மட்டுமே குற்ற உணர்வு கொள்ள வசதி உண்டு. தெரியாதவனுக்கு வெறும் அவமானம்தான். அவமானத்தைப் பற்றி நம் நவீன கவிதையில் எத்தனை கவிதைகள் இருக்கின்றன? அந்நியமாதல் பற்றி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வங்கியில் ஸ்லிப்புக்கு அர்த்தம் கேட்க ஆள் இல்லாத நேரம் பார்ப்பவன், நம் பத்திரிகைகளின் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவனை விட்டுவிட்டு, பாரிஸ் காபிக் கடையின் அந்நியமாதலை நாம் இரவல் வாங்கியிருக்கிறோம்.

அப்படியானால் தரம் வேண்டாமா, எது வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் பேசலாமா என்று கேட்பார்கள். தரம் வேண்டும். அது எங்கே வேண்டும் என்பதில்தான் தகராறு. ஒரு கவிதை பற்றிய கருத்து பொய்யாக இருந்தால் தயவு தாட்சண்யம் இல்லாமல் சொல்ல வேண்டும். இந்தப் பத்திரிகை இருப்பதே அதற்காக. எழுதி அச்சுக்குத் தருகிற வாக்கியத்தில் சோம்பல் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஆனால் உச்சரிப்பிலும் விகுதியிலும் கண்டிப்பு காட்டி, கருத்தில் தாராளமாக இருப்பது நம் பழக்கமாகிவிட்டது. நன்றாக ஆங்கிலம் பேசுகிறவரின் அபத்தம் நம்மிடையே கேள்வி கேட்கப்படாமல் போகிறது. தலைகீழாக வேண்டும் என்கிறேன்.

செய்யக்கூடியது பெரிதல்ல. நம் கூட்டங்களில் ஆங்கில நூலை மேற்கோள் காட்டுபவர் அது என்ன சொல்கிறது என்பதைத் தமிழில் ஐந்து வாக்கியத்தில் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் மேற்கோள் தள்ளுபடி. வெளியூரிலிருந்து தமிழ் தெரியாத எழுத்தாளர் வந்தால், நம்மில் ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர் முதலில் கேள்வி கேட்க வேண்டும். துபாஷி வேலையை மற்றவர்கள் பார்க்கலாம், அது கௌரவமான வேலை. வாசிக்க வந்தவரிடம் நீங்கள் இன்னாரைப் படித்திருக்கிறீர்களா என்ற கேள்வியைத் தடை செய்ய வேண்டும். யாராவது சிரித்தால், எதற்குச் சிரித்தீர்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்க வேண்டும், பதில் வரும் வரை கூட்டத்தை நிறுத்த வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதை நான் கேட்கப் போகிறேன்.